பழைய நேரமா, புதிய நேரமா?

எனக்கு ரெண்டு பிறந்தநாள் இருக்கு. அடையாள அட்டையில் இருப்பது 2003 ஓகஸ்ட் 14. அம்மம்மா பால்சோறு காய்ச்சித் தருவது 13ஆம் திகதி. சின்ன வயசில் இது எனக்கு நல்ல லாபமாகத்தான் தெரிந்தது, ரெண்டு நாளும் ஏதாவது கிடைக்கும். ஏன் ரெண்டு என்று கேட்டால் அம்மம்மாவிடம் ஒரே பதில்தான்: "நீ பழைய நேரத்தில பிறந்த. அவங்க புதிய நேரத்தில பதிஞ்சிட்டாங்க."

அந்தப் பதிலை நான் இருபது வருசம் யோசிக்கவே இல்லை. இந்த வருசம் ஒரு கொம்பியூட்டர் புரோகிராம்தான் என்னை யோசிக்க வைத்தது.

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஊர்ப் பெரியவர்களின் கதைகளைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். கிளிவெட்டியில் எங்களைப் போல வெளியிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் நிறைய. எங்கட குடும்பம் சம்பூர்ப் பக்கம். 2006இல் ஓடி, மட்டக்களப்பில் இருந்து, பிறகு கிளிவெட்டி முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். 2015, 2016இல் சம்பூர்க் காணிகள் விடுபட்டபோது பலர் திரும்பிப் போனார்கள், நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம். அந்தக் கதைகளை எல்லாம் திகதி, நேர வரிசையில் ஒரு பக்கத்தில் காட்டினால் நல்லது என்று முடிவெடுத்தோம். நான் கலைப்பீடம். ஆனால் ஒன்லைனில் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் படித்திருந்தேன். அந்தக் கொஞ்ச அறிவுக்கு முழு வேலையும் என் தலையில் விழுந்தது.

முதல் சோதனைக்கு என்னுடைய பிறப்பையே போட்டுப் பார்த்தேன். அம்மம்மா சொன்ன கணக்கு: 13ஆம் திகதி இரவு 11.45. ஜாவாஸ்கிரிப்டில் 'டேட்' என்று ஒரு பொருள் இருக்கு. அதை உருவாக்கி, 'செட் அவர்ஸ்' என்ற கட்டளையில் 23, 45 என்று கொடுத்தால் நேரம் பதிந்துவிடும். பதிந்தது. திரையில் 13ஆம் திகதி 11.45 என்றே காட்டியது. சரி என்று நினைத்தேன்.

சரியில்லை. நான் பதிந்த கணத்தில் நான் பிறக்கவே இல்லை. நான் பிறப்பதற்கு அரை மணித்தியாலம் இருந்தது.

இது விளங்க, 1996க்குப் போக வேண்டும். அந்த வருசம் இலங்கையில் கடும் வரட்சி. நீர்மின்சாரத்தையே நம்பியிருந்த நாட்டில் நீண்ட மின்வெட்டு. பகல் வெளிச்சத்தைக் கூடப் பயன்படுத்தினால் மின்சாரம் மிஞ்சும் என்று சொல்லி, மே 25ஆம் திகதி நாட்டின் மணிக்கூட்டை அரசாங்கம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதுவரை கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு இருந்த நாடு ஆறரைக்குப் போனது. அது பர்மாவின் நேரம். சனத்துக்குத் தாங்கவில்லை. ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்து ஆறு மணித்தியாலத்தில் நிறுத்தினார்கள். அப்படியே ஒன்பதரை வருசம். 2006 ஏப்ரல் 15, புதுவருசத்துக்கு அடுத்த நாள், மறுபடி ஐந்தரைக்கு வந்தது. பிள்ளைகள் விடியாத இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இது கொழும்பின் கதை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் 1996இன் மாற்றத்தை ஏற்கவே இல்லை. அங்கே மணிக்கூடு ஐந்தரையிலேயே நின்றது. ஆக, பத்து வருசமாக ஒரு சின்னத் தீவில் இரண்டு நேரம். சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணித்தியாலம் கூடும் அல்லது குறையும். "எத்தனை மணி?" என்று கேட்டால் பதில் வராது, "பழைய நேரமா, புதிய நேரமா?" என்ற திருப்பிக் கேள்விதான் வரும். அம்மா சொல்லுவா, டவுணுக்குப் போற நாளில் கையில் கட்டின மணிக்கூட்டைத் திருப்புவதா விடுவதா என்பதே ஒரு வீட்டுச் சண்டை என்று.

நான் பிறந்தது அந்தப் பக்கம், வீட்டில், மருத்துவிச்சி கையில். சுவர் மணிக்கூட்டில் இரவு 11.45, பழைய நேரம். அதே கணம் அரசாங்க மணிக்கூட்டில் 12.15, அடுத்த நாள். பதிவு அரச பக்கத்தில் நடந்தது. அதனால்தான் 14.

இப்போது 'டேட்' பொருளுக்கு வருவோம். பெயர்தான் டேட், உள்ளே திகதி எதுவும் இல்லை. இருப்பது ஒரே ஒரு எண்: 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவில் இருந்து எத்தனை மில்லிசெக்கன் போனது என்ற கணக்கு. நீங்கள் 'செட் அவர்ஸ்' என்று நேரம் கொடுத்தால், அந்தப் பொருள் உங்கள் போனையோ கொம்பியூட்டரையோ பார்த்து "இவர் எந்த ஊர்க்காரர்?" என்று கேட்கிறது. என் மடிக்கணினியில் 'ஆசியா/கொழும்பு' என்று இருக்கு. உடனே அது "2003இல் கொழும்பு ஆறு மணித்தியாலம்" என்று கணக்குப் போட்டு, 11.45இலிருந்து ஆறைக் கழித்து, கிரீன்விச் நேரம் 5.45 என்று எழுதிக்கொள்கிறது. உண்மையில் கழிக்க வேண்டியது ஐந்தரை. கணம் 6.15. திரையில் பார்க்கும்போது பிழையே தெரியாது, ஏனென்றால் திருப்பிக் காட்டும்போதும் அதே ஆறைத்தான் கூட்டுகிறது. பிழை பிழையால் மறைந்துவிடுகிறது.

நேரத்தோடு "+5.30" என்றும் சேர்த்து எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். இப்போது திரையில் வந்தது: ஓகஸ்ட் 14, 12.15. அடையாள அட்டைக்காரன் சொன்னதும் சரி, அம்மம்மா சொன்னதும் சரி. இரண்டும் ஒரே கணம். இதை ஒரு கறுப்புத் திரையில் பார்க்கும்போது எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

சின்னச் சின்னப் பொறிகள் இன்னும் இருக்கு. ஜாவாஸ்கிரிப்டில் மாதம் பூச்சியத்தில் தொடங்கும், ஓகஸ்ட் 7. நேரம் இல்லாமல் "2003-08-13" என்று திகதியை மட்டும் எழுத்தாகக் கொடுத்தால் அதைக் கிரீன்விச் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். டொரண்டோவில் இருக்கிற என் மச்சாள் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது அவளுக்கு 12ஆம் திகதி என்று காட்டியது. மூன்றாவது பிறந்தநாள்! 1996 மே 25 நள்ளிரவு 12.30 என்று கொழும்பு நேரத்தில் கொடுத்துப் பாருங்கள், 1.30 என்று மாற்றிவிடும். கொழும்பில் அந்த 12.30 நடக்கவே இல்லை, மணிக்கூடு பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் பாய்ந்தது. மறுபக்கம், 2006 ஏப்ரல் 15 நள்ளிரவு 12.15 இரண்டு தடவை வந்தது. ஆனால் சம்பூரில் அந்த 12.30 இருந்தது, இந்த 12.15 ஒரு தடவைதான் வந்தது. மனிசர் அந்த நேரத்தில் நித்திரை கொண்டார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். கொம்பியூட்டருக்கு மட்டும்தான் அது இல்லை.

"அரை மணித்தியாலம்தானே, இதுக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது வீட்டுக்குள். போன வருசம் அம்மா என் சாதகத்தைப் புதிதாக அச்சடிக்கக் கொடுத்தா. பழைய கையெழுத்துச் சாதகத்தில் லக்கினம் மேடம். புதிதாக வந்ததில் இடபம். நட்சத்திரம் மாறவில்லை, சதயம்தான். வீட்டில் ஒரே கலவரம். விசயம் இதுதான்: பதிவில் இருந்த 14ஆம் திகதி 12.15ஐக் கொடுத்திருக்கிறார்கள், மென்பொருள் அதை இன்றைய ஐந்தரைக் கணக்கில் எடுத்திருக்கு. ஆறில் எடுத்திருக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் லக்கினம் ஏழு பாகை அளவு நகர்ந்து, மேடத்தின் கடைசியில் இருந்தது இடபத்துக்குள் போய்விட்டது. எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்புகிறவர்கள் அதை வைத்துத்தான் என் கல்யாணத்தைப் பேசப் போகிறார்கள். 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்த நீங்கள், உங்கள் சாதகத்தையும் ஒருக்கால் எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது வீட்டுக்கு வெளியில். ஒரு தாய் சொல்கிறா: "பழைய நேரம் ரெண்டு மணிக்குப் பிள்ளையக் கூட்டிக்கொண்டு போனாங்க." எழுதுகிறவர் படிவத்தில் 2.00 என்று எழுதுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் புதிய நேரத்தில் சொல்கிறார், 2.30. இருபது வருசம் கழித்து அந்த இரண்டு தாளையும் ஒரு சட்டத்தரணி பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதற்குப் பெயர் "முரண்பாடு". இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

எங்கட ஊரில் சாட்சி என்பது விளையாட்டுச் சொல் இல்லை. கிளிவெட்டிக்குப் பக்கத்தில் குமாரபுரம். 1996 பெப்ரவரி 11இல் அங்கே இருபதுக்கு மேற்பட்ட சனத்தை இராணுவம் சுட்டுக் கொன்றது. வழக்கு இருபது வருசம் இழுபட்டு, 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் எதிரிகள் ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அது நேரக் கணக்கால் வந்த தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை, படுகொலை நடந்தது மணிக்கூட்டை மாற்றுவதற்கு மூன்று மாதம் முன்னர். நான் சொல்வது வேறு. எங்கட சனம் தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாளைப் பற்றிப் பேசும்போது, இடையில் மூன்று தடவை மாறிய மணிக்கூட்டைத் தாண்டித்தான் அந்த நாளை நினைவுபடுத்துகிறார்கள். அதைக் கேட்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கொம்பியூட்டருக்கு இந்தக் கதை தெரியுமா? தெரியும் என்பதுதான் என்னை அதிசயப்பட வைத்தது. உலகத்தில் எந்த ஊரில் எப்போது மணிக்கூட்டை மாற்றினார்கள் என்ற விபரத்தை எல்லாம் சேர்த்து வைத்த ஒரு நேர வலயத் தரவுத்தளம் இருக்கு. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கியது. பிறகு போல் எகெர்ட் பொறுப்பெடுத்தார். உங்கள் கையில் இருக்கிற போனுக்குள்ளும் அது இருக்கு. 2011இல் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம், பழைய நேரத் தகவல்கள் தங்களுடைய புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று இவர்கள் இரண்டு பேர் மீதும் வழக்குப் போட்டு, அடுத்த வருசம் வாபஸ் வாங்கியது. சாதகத்துக்கும் கொம்பியூட்டருக்கும் உறவு எங்கட வீட்டில் மட்டும் இல்லை.

அந்தத் தரவுத்தளத்தின் ஆசியக் கோப்பை யாரும் திறந்து வாசிக்கலாம். கொழும்புக்கு ஒரு வலயம். 1942இல் யுத்தத்துக்காக ஆறுக்கும் பிறகு ஆறரைக்கும் போனது முதல் எல்லாம் வரி வரியாக இருக்கு. திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட 1942 ஏப்ரல் 9 அன்று நேரம் ஆறு என்று அதைப் பார்த்துத்தான் நான் அறிந்தேன். அதற்கு மேலே, குறிப்பாக, புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை என்றும் எழுதியிருக்கு. கூடவே எகெர்ட்டின் ஒரு யோசனை, 2006 ஏப்ரலில் எழுதியது: தமிழர் கட்டுப்பாட்டில் உள்ள இடங்களில் இருப்பவர்கள் கொல்கத்தாவின் வலயத்தைப் பாவிக்கலாம்.

முதலில் வாசித்தபோது கோபம்தான் வந்தது. சம்பூரில் பிறந்த நான் கொல்கத்தாக்காரியா? சீனாவின் சின்ஜியாங்கில் அரசாங்கம் பீஜிங் நேரம் என்று சொன்னாலும் உய்குர் சனம் இரண்டு மணித்தியாலம் பிந்திய தங்கள் நேரத்தைப் பாவிக்கிறார்கள், அவர்களுக்கு 'ஆசியா/உரும்கி' என்று தனி வலயம் இருக்கு. எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

ஆறுதலாக யோசித்தபோது விளங்கியது. அவர்களின் விதி நேரானது. 1970க்குப் பிறகு மணிக்கூடு ஒரே மாதிரி ஓடிய இடங்களுக்கு ஒரு வலயம் போதும். எங்கட பக்கத்து மணிக்கூடும் கொல்கத்தா மணிக்கூடும் அப்படித்தான் ஓடின. ஆகப் புதுப் பெயர் தேவையில்லை. அது எங்களை அழிக்கிற வேலை இல்லை. உண்மையைச் சொன்னால், எங்கட பத்து வருசத்தை அந்த முகம் தெரியாத மனிசர் ஒரு குறிப்பிலாவது எழுதி வைத்தார்கள். எங்கட பாடப்புத்தகம் எதிலும் நான் அதைப் படித்ததில்லை. நாங்களும் எழுதவில்லை. கோபம் யாரில் வர வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழைய நேரத்தைச் சிலர் இப்போது ஒரு வீரக்கதை மாதிரிச் சொல்கிறார்கள். மணிக்கூட்டை மாற்றச் சொன்னதும் அதிகாரம், மாற்றக் கூடாது என்றதும் அதிகாரம். இரண்டு தரமும் சனத்திடம் யாரும் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸைத் தவற விட்டது சனம்தான். 2006 ஏப்ரல் 15இல் நாடு முழுக்க மணிக்கூடு ஒன்றானது. பத்து நாள் கழித்து, 25ஆம் திகதி, எங்கட பக்கம் விமானக் குண்டு விழத் தொடங்கியது. நேரம் ஒன்றானால் நாடு ஒன்றாகும் என்று யாராவது சொன்னால் அம்மம்மா சிரிப்பா.

ஆகவே என் கருத்து இதுதான். நேரத்தை "செட்" பண்ணுவது என்பது ஒரு எண்ணைப் போடுகிற வேலை மட்டும் இல்லை. யாருடைய மணிக்கூடு என்ற கேள்விக்குப் பதில் சொல்கிற வேலை. நீங்கள் பதில் சொல்லாவிட்டால் இயந்திரம் உங்களுக்காகச் சொல்லிவிடும், அது எப்போதும் தலைநகரின் பதிலாகத்தான் இருக்கும். அதில் சதி எதுவும் இல்லை, சோம்பல்தான். ஆனால் சோம்பலிலும் சாட்சி அழியும்.

'டேட்' பொருளில் இன்னொரு குணம் இருக்கு. 'செட்' என்று சொன்னால் புதிதாக ஒன்றை உருவாக்காது, இருந்ததையே அழித்து எழுதும். முதலில் என்ன இருந்தது என்று பிறகு கேட்டால் அதற்குத் தெரியாது. இதனால் தொல்லைப்பட்டுத்தான் பிஎச்பி மொழியில் மாற்ற முடியாத திகதிப் பொருளை 2013இல் கொண்டுவந்தார்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு 'டெம்பொரல்' என்று புதிய முறையை உருவாக்கினார்கள். அதில் "மணிக்கூட்டில் கண்ட நேரம்" வேறு வகை, "நடந்த கணம்" வேறு வகை. புரோகிராம்காரர்கள் பட்டு அறிந்த இந்தப் பாடம் வாய்மொழி வரலாறு சேகரிக்கிற எங்களுக்கு அப்படியே பொருந்தும்: சொன்னதை அழித்துத் திருத்தாதே, பக்கத்தில் எழுது.

எங்கட படிவத்தை நான் மாற்றிவிட்டேன். நேரத்துக்கு ஒரு பெட்டி இருந்த இடத்தில் இப்போது மூன்று. அவர் வாயால் சொன்னது, அப்படியே, எழுத்தில். "விடியப்புறம் கோழி கூவ" என்றால் அதுவும் எழுத்தில்தான், நான்கு மணி என்று மாற்றக் கூடாது. இரண்டாவது, எந்த மணிக்கூடு: பழையது, புதியது, தெரியாது. "தெரியாது" என்பதும் ஒரு பதில், அதை ஒளிக்க வேண்டியதில்லை. மூன்றாவது, நாங்கள் போட்ட கணக்கு, போட்டவரின் பெயரோடு. கணக்குப் பிழைத்தால் மூன்றாவதைத் திருத்தலாம், முதலாவதில் யாரும் கை வைக்க முடியாது. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கூடச் செய்யலாம்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "கோடிங் எங்களுக்கு எதுக்கு?" என்று நானும் கேட்டவள்தான். புரோகிராம் எழுதத் தெரிந்த நண்பனிடம் இந்தப் பிரச்சினையைச் சொன்னேன். மொழியில் என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரன், ஆனால் 2003இல் இங்கே இரண்டு நேரம் இருந்தது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது, அம்மம்மா இருந்ததால். அவனுக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரிந்ததும் ஒரே மேசையில் இருந்தால்தான் இந்த வேலை சரியாக நடக்கும்.

பெரியவர்கள் வருசா வருசம் குறைகிறார்கள். பழைய நேரம், புதிய நேரம் என்ற சொல்லே தெரியாத தம்பி தங்கைகள் இப்போது கம்பஸுக்கு வருகிறார்கள். அந்தப் பத்து வருசத்தில் நடந்ததைப் பற்றி உங்கள் வீட்டில் யாராவது பேசத் தொடங்கினால், போனில் ரெக்கோட் பட்டனை அமத்திவிட்டு, எத்தனை மணி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பழைய நேரமா, புதிய நேரமா என்றும் கேளுங்கள். அவர்கள் ஒரு நிமிசம் உங்களை ஆச்சரியமாகப் பார்ப்பார்கள், பிறகு கதை வேறு மாதிரி வரும். எங்கட அம்மம்மாவிடம் நான் கேட்ட அன்று இரவு பதினொன்று வரைக்கும் பேசினா.